கண்ணாடி உடையவில்லை

கரோல் பாக் இன்னிசை நேயர் மன்றத்தில் ஒரு டப்பா குண்டூசி வாங்கினாலும் அதற்கு ஒரு ஃபைல் திறப்பார்கள். மன்றத்தை நடத்துகிறவர்கள் எல்லாரும் தலைநகருக்கு வந்து மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசர், அண்டர் செக்ரட்டரி என்று ஏறி ஓய்வு பெற்றவர்கள். முப்பத்தைந்து வருஷம் நோட் எழுதிய கை, பென்ஷன் வந்த மறுநாளே சும்மா இருந்துவிடுமா? பூசா ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு ஹால், ஒரு மேடை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை உண்டு. அங்கே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் ரிஜிஸ்டர், ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பொறுப்பாளர். ஜமக்காளத்தைக்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

அந்த ஹாலில்தான், 2004 டிசம்பரில், மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்பிகாவின் கணவர் சுப்பையா செத்துப்போனார்.

மேடையில் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. தலை தொங்கியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுப்பையா கச்சேரியில் தூங்குகிறவர்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அம்பிகா பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இதய வார்டில் இருபத்தாறு வருஷம் சிஸ்டராக இருந்தவள். அவளுக்கு ஒரு பார்வை போதும். புருஷனைத் தரையில் இழுத்துப் போட்டு, பட்டுப்புடவையோடு முட்டி போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வார்டாக இருந்தால் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு ஷாக் கொடுத்திருப்பார்கள். அப்படி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். கட்டின புருஷனுக்குக் கொடுக்க அவளிடம் இரண்டு வெறுங்கைதான் இருந்தது.

அழுது முடிய ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். அமெரிக்காவிலிருந்து மகன் கௌஷிக் போன் பண்ணும்போது ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான். அங்கே விமான நிலையத்தில், கடைத்தெருவில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அந்த மெஷினைச் சின்னப் பெட்டியாக்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களாம். டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம், தெருவில் போகிறவன் எடுத்து ஒட்டலாமாம். இதயம் நின்றிருக்கிறதா, துடிக்கிறதா என்று பெட்டியே பார்த்துக்கொள்ளுமாம். அம்பிகா, தனக்கு இனிமேல் புடவையோ வளையலோ எதுவும் அனுப்ப வேண்டாம், அந்தப் பெட்டியை அனுப்பு என்றாள்.

கௌஷிக் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பெட்டி அனுப்பினான். ஒன்று மன்றத்துக்கு, இன்னொன்று கரோல் பாக் மார்க்கெட்டுக்கு என்பது அம்பிகாவின் கணக்கு. பெட்டி மட்டும் போதாது, அது இருக்கிற இடத்தில் நாள் முழுக்க இருக்கிறவர்களுக்கு அதைப் பழக்கித் தர வேண்டும். இந்த இரண்டும் நடந்துவிட்டால் இன்னொருத்தி பட்டுப்புடவையோடு தரையில் முட்டி போட வேண்டியதில்லை. அவ்வளவுதான் அவள் கேட்டது.

மன்றத்தின் செயலாளர் தட்சிணாமூர்த்தி, ரிட்டயர்ட் அண்டர் செக்ரட்டரி. கெட்டவர் இல்லை. சுப்பையா போனபோது பதின்மூன்று நாளும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர். ஆனால் மனுஷர் எதையும் ஃபைல் வழியாகத்தான் பார்ப்பார். பெட்டி வந்து சேர்ந்த அன்றைக்கே ஒரு ஃபைல் திறந்துவிட்டார். இது ஃபர்னிச்சரா, உபகரணமா? நெஞ்சில் ஒட்டுகிற பட்டை ஒரு தடவைக்குத்தான் என்றால் அதை எந்த ரிஜிஸ்டரில் ஏற்றுவது? நன்கொடை வெளிநாட்டிலிருந்து வந்ததால் யாரிடம் அனுமதி கேட்பது? இப்படியே பதினோரு மாதம் ஓடியது. கடைசியில் அவர் நிஜமாகவே பயந்த கேள்விக்கு வந்தார். ஷாக் அடித்து யாராவது போய்விட்டால் யார் பொறுப்பு?

"ஏற்கெனவே போனவருக்குத்தான் சார் இதை வைக்கறது. அதுக்கு மேல அவரை யாரும் கொல்ல முடியாது" என்றாள் அம்பிகா.

அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

2007 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. கமிட்டி ஆட்கள் பதினான்கு பேர் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் வந்து நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பொம்மை வாங்க வழியில்லாததால் அம்பிகா வீட்டிலிருந்து குளிருக்குப் போர்த்துகிற ஒரு ரஜாயைச் சுருட்டி, கயிறு கட்டி, அதற்குச் சுப்பையாவின் பழைய சட்டையை மாட்டிக் கொண்டுவந்திருந்தாள். தரையில் முட்டி போட்டு எப்படி அமுக்குவது என்று செய்து காட்டினாள். இப்போது நீங்கள் வாருங்கள் என்றதும் ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகிறது. தட்சிணாமூர்த்தி நாற்காலியை விட்டு நகராமல் குறிப்பெடுத்தார். பொருளாளர் வைத்தி மட்டும் தைரியமாகக் குனிந்து, ரஜாயை ஆசீர்வாதம் பண்ணுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

காபி கொண்டுவந்த வீராயி சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலைப் பெருக்கித் துடைப்பது, விசேஷத்துக்குப் பாத்திரம் கழுவுவது, டம்ளர் நீட்டுவது எல்லாம் அவள் வேலை. அவள் புருஷன் பச்சைமுத்து மன்றத்தின் காவலாளி. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். இருந்த குடிசையை முனிசிபாலிட்டி இடித்த பிறகு, சமையல் கொட்டகையை ஒட்டித் தகரம் போட்ட ஓர் அறையை மன்றம் அவர்களுக்கு விட்டிருந்தது. வேலைதான் வீடு, வீடுதான் வேலை. இருபத்து நாலு மணி நேரமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிற இரண்டே ஜீவன்கள் அவர்கள்தான்.

கமிட்டி கலைந்த பிறகு அம்பிகா வீராயியைக் கூப்பிட்டு, நீ பண்ணு பார்ப்போம் என்றாள். வீராயி புடவையைச் சொருகிக்கொண்டு முட்டி போட்டாள். சித்தாள் வேலை பார்த்த தோள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு முப்பது வரைக்கும் ஒரே சீராக அமுக்கினாள். சுப்பையாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. பெட்டி இங்கிலீஷில் பேசும், இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் அம்பிகா நிறத்தைச் சொல்லிக் கொடுத்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கு. படத்தில் இருக்கிற மாதிரி வலது தோளுக்குக் கீழே ஒன்று, இடது விலாவில் ஒன்று என்று பட்டையை ஒட்டு. ஆரஞ்சுப் பொத்தான் மினுக்கினால் யாரும் ஆளைத் தொடாதபடி விலக்கிவிட்டு அதை அழுத்து. வீராயி இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ நர்ஸ் பெண்களுக்குப் பழக்கிவிட்ட அம்பிகாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்குத்தான், சுப்பையா போனதற்கு அப்புறம் முதல் தடவையாக, அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த கமிட்டிக் கூட்டம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

வீராயிக்குப் பழக்கியதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். தட்சிணாமூர்த்தி நோட்டைப் பிரித்து நிதானமாக வாசித்தார். உபகரணத்தை மன்றத்தின் பரிசுக் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி ஒன்று செயலாளரிடம், இன்னொன்று பொருளாளரிடம். உபகரணத்தைக் கையாளக் கமிட்டியிலிருந்து ஏழு பேருக்கு அதிகாரம், அவர்கள் பெயரும் டெலிபோன் நம்பரும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். ஊழியர்கள் யாரும் தொடக் கூடாது.

அம்பிகா கொதித்துவிட்டாள். ஏழு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு காலத்தில் இவர்கள் எல்லாரும் கரோல் பாக்கில் வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான். ரிட்டயர் ஆனதும் சொசைட்டி ஃப்ளாட் கிடைத்து மயூர் விஹாருக்கும் துவாரகாவுக்கும் போய்விட்டார்கள். ஏழு பேரில் ஒருவர்கூட மன்றத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இல்லை. இதயம் நின்றால் நாலைந்து நிமிஷம்தான், நீங்கள் செருப்பு மாட்டிக்கொள்ளவே அது போதாது, வீராயிதான் இங்கேயே இருக்கிறாள் என்றாள்.

அப்போதுதான் வைத்தி வாயைத் திறந்தார்.

"நம்மாத்துப் பொம்மனாட்டிகள் யாராவது விழுந்தா, அவ வந்து ரவிக்கையைப் பிரிப்பாளா மேடம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் அவரைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை. தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வேறு விஷயம், நாம் சொல்வது பொறுப்பைப் பற்றி மட்டும்தான் என்றார். இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் கமிட்டி உபகரணத்தையே ஏற்க இயலாது என்றும் மரியாதையாகச் சொன்னார்.

அந்த இடத்தில் அம்பிகா எழுந்து வந்திருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் குருத்வாராவில் கொடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அது அந்த ஹாலில் இருக்க வேண்டும், அந்த மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் பெட்டி உள்ளே வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். சர்க்கார் ஆபீஸில் நடக்கிற பாவத்தில் பாதி இந்த 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தையால்தான் நடக்கிறது. புருஷனின் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து அவளுக்கும் அது தொற்றியிருந்தது போலும். கையெழுத்துப் போட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ மேடம். நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றார் தட்சிணாமூர்த்தி.

வீராயி காபித் தட்டோடு வந்து நின்றாள். பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீராயி, இந்தப் பெட்டியை நீ தொடக் கூடாது. என்ன ஆனாலும் சரி. கமிட்டி ஆளுங்கதான் தொடணும்" என்றாள் அம்பிகா.

'என்ன ஆனாலும் சரி' என்பதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. கமிட்டிக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று அவளாகச் சேர்த்தது. வீராயி அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு டம்ளர்களைக் கொடுக்கப் போய்விட்டாள். இரண்டு நாளில் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவசரம் என்றால் கண்ணாடியை உடைத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று அம்பிகா நினைத்துக்கொண்டாள். சத்தியமாக நினைத்தாள்.

பிப்ரவரியில் பெட்டிக்குத் திறப்பு விழா. சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டு, சூடம் காட்டி அலமாரிக்குள் வைத்தார்கள். 1988-ல் தமிழ்ச் சங்கங்களுக்கிடையே நடந்த விநாடி வினாக் கோப்பைக்கும், கோலப் போட்டிக் கேடயத்துக்கும் நடுவில் அது உட்கார்ந்தது. உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், நான் தயார் என்று அர்த்தம். ஏழு பேரின் பெயரையும் இங்கிலீஷில் டைப் அடித்துப் பக்கத்தில் ஒட்டினார்கள். அம்பிகாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவளும் போட்டோவுக்குச் சிரித்தாள்.

இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. இரண்டாவது பெட்டிக்காக மார்க்கெட் வியாபாரிகளின் பின்னால் அலைந்ததில் அவளுக்கு நேரமே இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் ஏதோ காகிதம் எடுக்க மன்றத்துக்கு வந்தாள். வீராயி அலமாரிக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நெசமாவே ஒரு ஆத்திர அவசரம்னா என்னம்மா செய்யறது?" என்று வீராயி கேட்டாள்.

வைத்தியின் எண்ணிக்கை நின்றது. அம்பிகாவுக்கு அது காதில் விழுந்தது. இப்போது ஒரு சண்டையா, மார்க்கெட் காரியம் முடியட்டும் என்று தோன்றியது.

"எனக்குப் போன் பண்ணு" என்றாள்.

வீராயிக்கு எழுத்துத் தெரியாது. அன்றைக்கே பச்சைமுத்து தன் செல்போனில் இரண்டாம் நம்பர் பொத்தானை அழுத்தினால் சிஸ்டரம்மாவுக்குப் போகிற மாதிரி போட்டுக் கொடுத்தான்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை கரோல் பாக் மார்க்கெட்டுக்கு விடுமுறை, அதனால் வியாபாரிகள் அன்றைக்குத்தான் கூட்டம் வைத்தார்கள். வெளியே லூ என்கிற வெயில்காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கெஸ்ட் ஹவுஸின் அடித்தளத்தில் ஏ.சி. போட்டு, சமோசா வைத்து, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்பிகா பேச எழுந்ததும், தயவுசெய்து எல்லாரும் மொபைலைச் சத்தம் இல்லாமல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, தன்னுடையதையும் அப்படியே வைத்துக் கைப்பையில் போட்டாள். இரண்டு மணிக்கு ஆரம்பித்தாள். அவளுடைய ஹிந்தி ஆஸ்பத்திரி ஹிந்தி, இலக்கணம் பார்க்காது, ஆனால் நேரே போய்த் தைக்கும். முதல் நாலு நிமிஷம்தான் மனுஷன் நம் கையில் இருக்கிறான் என்றாள். பெட்டியை ஒருநாளும் பூட்டி வைக்காதீர்கள், கடைப் பையன் எடுத்தாலும் சரி, மூட்டை தூக்குகிறவன் எடுத்தாலும் சரி என்றாள். முன்வரிசைச் சேட் ஒருவர், இது வேறு எங்கேயாவது நடக்கிறதா என்று கேட்டார். எங்கள் மன்றத்தில் நடக்கிறது என்றாள் அம்பிகா. சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கை தட்டலும் டீயும் முடிந்து போனை எடுத்துப் பார்த்தாள். பதினேழு அழைப்புகள், பதினேழும் பச்சைமுத்துவின் நம்பர். திருப்பி அழைத்தபோது எடுத்தது மன்றத்து வாசல் வேப்பமரத்தடியில் துணி தேய்க்கிற பிரஸ்வாலா. சௌகிதார் பச்சைமுத்து விழுந்துவிட்டான் ஆன்ட்டி, ஜல்தி வாருங்கள் என்றான். அவன் குரலுக்குப் பின்னால் யாரோ எண்ணிக்கொண்டிருப்பது கேட்டது. தமிழில், வாய்விட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு.

சைக்கிள் ரிக்‌ஷாவில் பாதி தூரம், நெரிசலில் இறங்கி ஓட்டமாகப் பாதி தூரம். அறுபத்தொரு வயதில் அந்த வெயிலில் அவள் ஓடியதைப் பார்த்துத் தெரு நாய்கூட ஒதுங்கியது. ஹாலுக்குள் போனபோது மணி இரண்டு ஐம்பது.

பச்சைமுத்து தரையில் கிடந்தான். இரண்டு மணிக்கு மேல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தானாம். அவன் மேல் குனிந்து வீராயி அமுக்கிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரமாக அமுக்கிக்கொண்டிருக்கிறாள். முடி அவிழ்ந்து, வியர்வை அவள் மூக்கிலிருந்து அவன் சட்டையில் சொட்டியது. அளவு தப்பவில்லை, சீர் தப்பவில்லை, ரஜாயின் மேல் கற்றது அப்படியே இருந்தது. அம்பிகா அவன் கழுத்தில் விரலை வைத்தாள், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை.

"போதும் வீராயி."

வீராயி நிறுத்தவில்லை. முப்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அம்பிகா அவள் இரண்டு கையையும் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

பத்தடி தூரத்தில் அலமாரி. உள்ளே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வியர்வை படிந்த ஒரு முழு உள்ளங்கையின் அடையாளம், ஐந்து விரலும் தெளிவாக. பக்கத்தில் தரையில் பிரஸ்வாலாவின் கரி இஸ்திரிப் பெட்டி கிடந்தது. அவன் அழாக்குறையாகச் சொன்னான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டானாம். காகிதத்தில் இருந்த நம்பரைப் பார்த்து ஒரு பெரியவருக்கும் சொன்னானாம். கண்ணாடியை ஒரே போடில் உடைக்கிறேன் என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், இவள்தான் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

அம்பிகா கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் வீராயி உடைக்கல?"

வீராயிக்கு மூச்சு வாங்கியது. புருஷன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்ன ஆனாலும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களேம்மா. உடைச்சுப்புட்டு, இவரு எந்திரிச்சாருன்னா, வேலையும் வூடும் போச்சேடின்னு என்னையத்தானே திட்டுவாரு? அதான் உங்களுக்குப் போன் அடிச்சேன். ஒரு கையால அமுக்கிக்கிட்டே அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஐயோ, அவன் எழுந்து திட்டுவான் என்று நம்பியிருக்கிறாள். அம்பிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் புருஷன் செத்த அன்றைக்கு அவளிடம் ஒன்றும் இல்லை, அதனால் குற்றமும் இல்லை. இன்றைக்குப் பெட்டி இருந்தது, அதைப் பழகிய கை இருந்தது. நடுவில் இருந்தது அவள் சொன்ன ஒரு வார்த்தை.

ஆம்புலன்ஸ் மூன்று மணிக்கு வந்தது. தட்சிணாமூர்த்தி மயூர் விஹாரிலிருந்து மூன்றேகாலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது, காலில் வீட்டுக்குள் போடுகிற ஹவாய் செருப்பு. ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். ஐ.டி.ஓ. சந்திப்பில் ஜாம் மேடம், ஐ.டி.ஓ.வில் ஜாம் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் நேரே அலமாரிக்குப் போய், கையில் இறுக்கிப் பிடித்திருந்த சாவியைப் போட்டுத் திறந்துவிட்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பூட்டினார்.

பதினைந்து நாள் கழித்துக் கமிட்டி கூடியது. அதற்குள் தட்சிணாமூர்த்தி பழையபடி நோட் எழுதுகிற மனுஷராகிவிட்டார். மன்றத்தின் விசுவாசமான ஊழியர் பச்சைமுத்துவின் மறைவுக்கு எல்லாரும் இரண்டு நிமிஷம் எழுந்து நின்றார்கள். அப்புறம் தீர்மானத்தை வாசித்தார்.

"அந்த நெருக்கடியான நேரத்திலும் மன்றத்தின் உடைமைக்குச் சேதம் ஏற்படாவண்ணம் நடந்துகொண்ட திருமதி வீராயியின் கட்டுப்பாட்டை இக்கமிட்டி பாராட்டிப் பதிவு செய்கிறது."

அடுத்த காவலாளி வரும் வரைக்கும் அவள் அந்த அறையில் இருந்துகொள்ளலாம் என்பது இரண்டாவது தீர்மானம்.

அம்பிகா எழுந்தாள். இது பாராட்டு இல்லை, கொலைக்குக் கொடுக்கிற சர்ட்டிபிகேட் என்றாள். பூட்டை இப்போதே எடுங்கள், இந்த நிமிஷமே எடுங்கள் என்று கத்தினாள். கொன்றவர்களில் முதல் பெயர் என்னுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். புருஷனை இழந்தவள், மனசு சரியில்லை என்று கமிட்டிக்காரர்கள் பார்வையாலேயே பேசிக்கொண்டார்கள். சாவி ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்ய மூன்று பேர் கொண்ட துணைக் கமிட்டி ஒன்று அமைக்கப்பட்டது. ஆறு மாதத்தில் அறிக்கை கொடுக்கும். அம்பிகா மினிட்ஸில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் என்ன? தீர்மானம் நிறைவேற வேண்டிய கோரம் இருந்தது.

அவள் வெளியே வந்தபோது ஹாலில் வீராயி ஒரு வாளித் தண்ணீரோடு அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். சாயங்காலம் கச்சேரி, கண்ணாடியில் கறை இருக்கிறது, துடைத்து வை என்று வைத்தி சொல்லியிருந்தாராம். அந்த உள்ளங்கை அடையாளம் அன்றைக்கு வரைக்கும் அப்படியே இருந்தது. வீராயி துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் கட்டை விரலை அழித்தாள். பிறகு மற்ற நாலையும்.

அம்பிகா அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஜனவரியிலிருந்து தொண்டையில் இருந்ததை, கதவைக்கூடச் சாத்தாமல், உள்ளே இருக்கிற பதினான்கு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வீராயி, இனிமே யார் விழுந்தாலும் சரி, யாரையும் கேக்காத. இந்தக் கண்ணாடியை உடைச்சிடு. நான் சொல்றேன், உடைச்சிடு."

வீராயி திரும்பவில்லை. துணியை வாளியில் அலசிப் பிழிந்தாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"இல்லம்மா. நான் உங்களுக்குப் போன் பண்றேன்" என்றாள்.